பின்னால் வரும் காலடி

தவமலருக்கும் குகதாசனுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு குளிர்காலத்தின் சில மாலைகளைத் தவிர, இருவரும் தெருவில் அருகருகே நடந்ததில்லை. மனத்தாங்கல் ஒன்றுமில்லை, வீட்டுக்குள் வந்துவிட்டால் வாய் ஓயாமல் கதைப்பவர்கள்தான். தெருவில் மட்டும் அவள் முன்னால் போவாள், அவர் கொஞ்சம் தள்ளிப் பின்னால் வருவார்.

வன்னியில் ஷெல்லடிக்குள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பழகிய நடை அது. ஒட்டிக்கொண்டு நடந்தால் ஒரே ஷெல்லில் இருவரும் போய்விடுவார்கள், கைக்குழந்தைக்கு யாராவது ஒருவர் மிஞ்ச வேண்டும். அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் நடந்தார்கள். அந்தக் கைக்குழந்தை இப்போது ஹம்பேர்க்கில் பல்கலைக்கழகம் போகிறாள். ஷெல் விழாத நாட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் பெற்றோரின் கால்களுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

குகதாசனின் இடது முழங்காலுக்குள் ஒரு ஷெல் சன்னத்துண்டு இன்னும் இருக்கிறது. அதனால் வலது காலை அழுத்தி வைத்து இடது காலை இழுத்துத்தான் நடப்பார். தவமலர் ஒருநாளும் திரும்பிப் பார்க்க மாட்டாள். அந்த அழுத்தலும் இழுவையும் காதில் விழுந்தால் போதும், மனுஷன் பின்னால் இருக்கிறார்.

அவர்கள் குடியிருந்த நகரம் ஜெர்மனியின் மேற்கில் இருக்கிறது, ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிப் பிழைத்தது. பெயர் வேண்டாம். நகரசபைக்காரர்கள் நல்ல மனிதர்கள், மனம் நொந்துபோவார்கள்.

அந்த நகரத்து ரயில் நிலையத்தில் ஓர் இலையுதிர்காலத்தில் கத்திக்குத்து நடந்தது. குத்துப்பட்டவர் பிழைத்துக்கொண்டார், குத்தியவன் பிடிபட்டான், ஆனால் தொலைக்காட்சி அதை விடுவதாக இல்லை. வாரம் தவறாமல் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, நாட்டில் பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்று ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே விழுந்து வாதாடினார்கள். குற்றங்கள் குறைந்திருக்கின்றன என்று ஒருவர் புள்ளிவிவரம் காட்டினார். உங்கள் புள்ளிவிவரத்தை நம்பி என் மகளைத் தனியே ட்ராமில் அனுப்ப முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். கைதட்டல் அவருக்குத்தான் கிடைத்தது. ட்ராம் நிறுத்தத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிழவரிலிருந்து பேக்கரியில் பாண் வெட்டித்தரும் பெண் வரைக்கும் எல்லாரிடமும் ஒரு கருத்து இருந்தது.

குகதாசனிடமும் இருந்தது. இப்போது வந்திறங்கியவர்கள்தான் எங்கள் பேரையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள் என்பது அவருடைய கருத்து. தானும் ஒரு லொறியில் தக்காளிப் பெட்டிகளுக்குப் பின்னால் சுருண்டு கிடந்து எல்லை தாண்டியவர் என்பது அந்த நேரத்தில் அவர் ஞாபகத்துக்கு வராது. தவமலர் ஞாபகப்படுத்தினால், அது வேறு காலம் என்பார்.

ஜெர்மன்காரருக்கு இரண்டு பயம். இருட்டில் எவனாவது தன்னைப் பின்தொடர்வான் என்பது ஒன்று, வெளிச்சத்தில் அரசாங்கம் தன்னைப் பின்தொடரும் என்பது மற்றது. கத்திக்குத்துக்குப் பிறகு இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக நகரசபை ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்குக் கெலைட் என்று பெயர் வைத்தார்கள். வழித்துணை என்று அர்த்தம்.

அது எப்படி வேலை செய்கிறது என்று தவமலருக்கு விளக்கியவள் ஹைக்கே. முதியோர் இல்லத்தின் சலவைப்பகுதியில் இருவரும் எதிரெதிரே நின்று விரிப்பு மடிப்பவர்கள். ஹைக்கே அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், எல்லாவற்றைப் பற்றியும் கருத்துள்ளவள், ஆனால் தங்கமான மனசு.

"கேமரா இல்லை, முகம் இல்லை, பெயர் இல்லை," என்றாள் ஹைக்கே. "நடைபாதைக் கல்லுக்கு அடியில் ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். அதற்குக் காலடி மட்டும்தான் தெரியும். மணிக்கட்டில் கட்டத் தரும் கைப்பட்டிக்கு உன் நாடித்துடிப்பு மட்டும்தான் தெரியும். உன் நெஞ்சு பதறும் நேரமெல்லாம் ஒரே காலடி பக்கத்தில் இருந்தால், அது ஆபத்தான காலடி. அடுத்த தடவை அது கிட்ட வரும்போது எல்லாருடைய பட்டியும் அதிரும், தெருவிளக்கு பிரகாசமாகும். நாம் விலகிப் போய்விடலாம். துடிப்பு அளவு கடந்தால் பட்டியே உன்னோடு பேசி, விளக்கையும் ஏற்றும்."

"அந்த ஆள் யாரென்று கண்டுபிடிப்பார்களா?"

"கண்டுபிடிக்கக் கூடாது. சட்டம் விடாது. அதுதானே இதில் நல்ல விஷயம்."

கைப்பட்டி கட்டுவது அவரவர் விருப்பம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் வேலைக்குப் போகும் வழியில் ஏதாவது நடந்தால் காப்புறுதி கிடைக்க வேண்டுமானால் பட்டி கையில் இருக்க வேண்டும் என்று பின்னால் ஓர் அறிவிப்பு வந்தது. தவமலர் கட்டிக்கொண்டாள். குகதாசன் வேலைக்கு நடந்தே போகிறவர், இரண்டு தெரு தள்ளியிருந்த கிண்டர்கார்டனில் ஹவுஸ்மைஸ்டர். குழாய் திருத்துவது, பனி தள்ளுவது, காலையில் கேற் திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தனக்கு எதற்குப் பட்டி, தன்னை எவன் பின்தொடரப் போகிறான் என்று சிரித்துவிட்டார். திட்டம் மட்டும் அவருக்கு நன்றாகப் பிடித்திருந்தது. நகரசபை கருத்துக் கேட்டபோது ஆதரவாகத்தான் பதில் அனுப்பினார்.

குளிர்காலம் தொடங்கியது. நாலரைக்கே இருட்டிவிடும். தவமலர் வேலை முடிந்து ட்ராமில் வந்து இறங்கும்போது குகதாசன் நிறுத்தத்தில் நிற்பார். அவள் முன்னால் நடப்பாள், அவர் பின்னால் வருவார். நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் இடையில் ஒரு பியர்க்கடை உண்டு. அதன் வாசலில் எப்போதும் இரண்டு மூன்று பேர் போத்தலும் கையுமாக நிற்பார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன் குகதாசனைப் பார்த்து, உன் ஊருக்குப் போ என்று சொல்லி வெற்றுப் போத்தலை எறிந்தான். அது அவர் காலடியில் விழுந்து நொறுங்கியது.

பொலிசுக்குச் சொல்லலாம் என்றாள் தவமலர். அவர் கேட்கவில்லை. "எறிஞ்சவன் குடிகாரன். என்னில பட்டதே? இல்லை. பிறகேன் போய்ப் பேரைப் பதிஞ்சு வைப்பான்? விடும்." எந்த அலுவலகத்துக்கும் தானாகப் போய் எதையும் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று உயிர் பிழைத்து வந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அவர் விட்டுவிட்டார்.

தவமலரால் விட முடியவில்லை. அன்றிலிருந்து ட்ராமை விட்டு இறங்கி அவரைக் கண்டதுமே அவளுக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். பியர்க்கடையைத் தாண்டும்வரை மூச்சே வராது. பின்னால் அந்த இழுவைச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடப்பாள். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் உயிர் வரும். எறிந்தவனும் கூட்டாளிகளுமோ அமைதியாக நின்ற இடத்தில் நின்றார்கள். ஒரே இடத்தில் நின்று குடிப்பவனின் காலடியைத் தகடு எழுதாது.

கொஞ்ச நாளில் சின்னச் சின்னதாகச் சில நடந்தன. நாய்க்காரக் கிழவர் வழக்கமாகக் குகதாசனுக்கு வணக்கம் சொல்பவர், எதிரே வந்ததும் நாயை இழுத்துக்கொண்டு மறுபக்கம் போனார். பேக்கரி வாசலில் நின்ற இரண்டு பெண்கள் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். தவமலரின் பட்டியும் மாலைகளில் அதிர்ந்தது, அது பியர்க்கடைக்காரர்களைத்தான் சொல்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தான் நடக்கும் இடத்தில் தெருவிளக்குகள் பளிச்சென்று எரிவதைக் கண்டு, நகரசபை மின்சாரத்தை வீணாக்குகிறது என்று குகதாசன் வீட்டில் வந்து குறைப்பட்டார்.

பிறகு ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். கிண்டர்கார்டன் தலைவி அவரைக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, மிக மரியாதையாகக் கதைத்திருக்கிறாள். காலையில் கேற் திறக்க அவர் வரும்போது பிள்ளைகளை விட வந்த தாய்மாரின் பட்டிகள் எல்லாம் அதிர்கின்றனவாம். அவர்மேல் யாருக்கும் சந்தேகம் இல்லையாம். ஆனால் விஷயம் தெளிவாகும்வரை முழுச் சம்பளத்தோடு வீட்டில் இருக்கட்டுமாம். புதுவருடத்துக்குப் பிறகும் பட்டிகள் அதிர்ந்தால், பெற்றோர் சங்கம் அவரை வைத்திருக்கச் சம்மதிக்காதாம்.

"ஒரு பிள்ளையை நான் அதட்டிக்கூடக் கதைச்சதில்லை, மலர்." சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "அதுகள் என்னைக் கண்டா ஓடி வந்து காலைக் கட்டிப் பிடிக்குங்கள். தாய்மார் இழுத்துக்கொண்டு போயினம்."

தவமலருக்குக் கோபம் வந்தது. யாரோ ஒருத்தி அவருடைய நிறத்தையும் நொண்டலையும் பார்த்துப் பயந்திருக்கிறாள், அந்தப் பயத்தை இயந்திரம் எழுதி வைத்துக்கொண்டது என்று நினைத்தாள். அந்த ஒருத்தியை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். மறுநாள் ஹைக்கேயிடம் சொன்னபோது, அவளும் சேர்ந்து திட்டிவிட்டு, உன் சொந்தப் பதிவைப் பார்க்க உனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது, முதலில் அதைப் போய்ப் பார், பிறகு முறைப்பாடு கொடு என்று வழி சொன்னாள்.

நகரசபையில் கெலைட் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவள் தெமிர் என்ற இளம்பெண். அவளுடைய தாத்தா துருக்கியிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவராம். தவமலரைக் கண்டதும் அதை அவளே சொல்லி, கதிரையை இழுத்துப் போட்டாள். கணினித் திரையைத் திருப்பினாள். ஒவ்வொரு மாலையும் ஒரு கோடு மேலே ஏறி இறங்கியிருந்தது. அதன் கீழே இன்னொரு கோடு கூடவே ஓடியது.

"மேலே இருப்பது உங்கள் நாடித்துடிப்பு. ட்ராமை விட்டு இறங்கியதும் ஏறுகிறது. கீழே இருப்பது ஒரு காலடி. அது உங்களுக்குப் பின்னால் வருகிறது. நீங்கள் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வருகிறது, நீங்கள் நின்றால் நிற்கிறது. கிட்ட வருவதே இல்லை. வீட்டு வாசல்வரை, ஒவ்வொரு நாளும்." தெமிர் குரலைத் தாழ்த்தினாள். "ஃப்ராவ் குகதாசன், உங்களை யாராவது பின்தொடர்கிறார்களா?"

தவமலருக்குக் கொஞ்ச நேரம் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இரண்டு நாளாக அவள் திட்டித் தீர்த்த அந்த ஒருத்தி அவளேதான்.

"அது என் கணவர்," என்றாள்.

தெமிர் ஆச்சரியப்படவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிறிய அட்டையை எடுத்து, யாருக்கும் தெரியாமல் கொடுப்பதுபோல இவள் பக்கம் நகர்த்தினாள். வீட்டில் துன்பப்படும் பெண்கள் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண் அதில் இருந்தது.

"இல்லை, இல்லை. எனக்கு அவரைக் கண்டு பயமில்லை. அவருக்கு ஏதாவது நடந்துவிடுமோ என்றுதான் பயம்." தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் திரட்டிச் சொன்னாள். போத்தல் எறிந்ததைச் சொன்னாள். ஷெல்லடியைச் சொன்னாள், தள்ளித் தள்ளி நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது ஒரு கட்டுக்கதைபோல ஒலித்தது.

"நான் உங்களை நம்புகிறேன்," என்றாள் தெமிர். "ஆனால் நாடித்துடிப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே வந்து, அது என் கணவர்தான், நல்ல மனிதர் என்று சொல்லும் பெண்கள் நிறையப் பேர். எங்களுக்குப் பயிற்சியில் முதலில் சொல்லித்தருவதே, அந்தப் பேச்சை நம்ப வேண்டாம் என்பதுதான்."

மற்றத் தாய்மாரின் பட்டிகள் ஏன் அதிர வேண்டும் என்று கேட்டாள் தவமலர். தொடக்கத்தில் அந்தக் காலடிக்கு எதிராக ஒரு பட்டிதான் சாட்சி சொன்னது, இப்போது பலர் சொல்கிறார்கள் என்றாள் தெமிர். பட்டி அதிர்வதால்தானே அவர்கள் பயப்படுகிறார்கள் என்று இவள் கேட்க, அதற்கு தெமிர் கொஞ்சம் யோசித்து, இருக்கலாம் என்றாள்.

"அப்படியென்றால் அதை அழித்துவிடுங்கள்."

"இது இன்னாருடைய காலடி என்று எழுதினால்தான் அழிக்க முடியும். அப்படி எழுதுவது சட்டவிரோதம். உங்கள் கணவரைப் பாதுகாக்கத்தான் அந்தச் சட்டம் இருக்கிறது."

பட்டியைக் கழற்றி எறிந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். கடைசியாகச் சொன்ன சாட்சி அப்படியே நிற்கும் என்றாள் தெமிர். ஒரேயொரு வழிதான் இருந்தது. அந்தக் காலடி பக்கத்தில் வரும்போது தவமலரின் துடிப்பு அமைதியாக இருக்க வேண்டும். பல மாலைகள் அப்படி இருந்தால் இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடும். அவள் நெஞ்சு சொன்னதை அவள் நெஞ்சுதான் மாற்றிச் சொல்ல வேண்டும்.

"பயப்படாமல் நடந்து பாருங்கள்," என்று வாசல்வரை வந்து வழியனுப்பினாள் தெமிர். அட்டையை மட்டும் திருப்பி வாங்கவில்லை.

அன்றைக்கு அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது, அடுப்பைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். குகதாசன் சிரிக்கப் பார்த்தார்.

"கடைசியில நீர்தான் என்னைக் காட்டிக் குடுத்தனீர்."

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அவர்கள் வந்த இடத்தில் அந்தச் சொல்லால் உயிர்கள் போயிருக்கின்றன. சொன்ன பிறகுதான் அவருக்கும் அது உறைத்தது. அன்று இருவரும் சோற்றை அளைந்துவிட்டு எழுந்தார்கள்.

மறுநாள் மாலையிலிருந்து முயற்சி தொடங்கியது. தள்ளி வருவதால்தானே பிரச்சினை, சேர்ந்தே நடப்போம் என்றாள் தவமலர். இருபத்தைந்து வருடம் பழகாத நடை, அவருடைய தோள் அவளை இடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தத்தை விட்டு அவர்கள் நகர்ந்ததும் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பளீரிட்டன. எதிரே வந்தவர்கள் மணிக்கட்டைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள், பிறகு இவளைப் பார்த்தார்கள். ஒரு பெண் இவளிடம் கண்ணாலேயே, உதவி வேண்டுமா என்று கேட்டாள். தவமலர் முருகா முருகா என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள், மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தாள். அமைதியாக இருக்க வேண்டும் என்று நினைத்ததுமே நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. ஒவ்வொரு அடிப்பும் அவருடைய வேலையைத் தின்கிறது என்பது தெரியும்போது எந்த நெஞ்சுதான் அடங்கும். கடைசியில், நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போக வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவரும் வருவதை நிறுத்தினார்.

வீட்டில் சும்மா இருக்கும் ஹவுஸ்மைஸ்டருக்குக் கை துருதுருவென்று இருக்கும். ஒரு பழைய ரப்பர் விரிப்பை வெட்டி, அரத்தால் உரசி, குதிக்காலுக்கு ஒரு கட்டை செய்தார். அதை இடது சப்பாத்துக்குள் வைத்துப் போட்டுக்கொண்டு, முழங்காலை மடக்காமல் நடந்து பார்த்தார். இழுவை போய்விட்டது. சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் நடந்து காட்டியபோது, கம்பளத்தில் சத்தமே கேட்கவில்லை.

"கெலைட்டுக்கு இந்த மனுஷனைத் தெரியாது," என்றார். "இவர் நேற்றுத்தான் பிறந்தவர்."

நோகவில்லையா என்று கேட்டதற்கு இல்லை என்றார். பகலில் அப்படியே வெளியே போய் வரத் தொடங்கினார். விளக்குகள் அடங்கிக் கிடந்தன. நாய்க்காரக் கிழவர் பழையபடி வணக்கம் சொன்னார். பேக்கரியில் வரிசையில் நின்று பாண் வாங்கிவந்தார். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் வீங்கிப்போயிருக்கும். தவமலர் வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுப்பாள். கண்ணை மூடிக்கொண்டு அவர் பல்லைக் கடிப்பார். ஆனாலும் வேலை வேண்டும். காசுக்காக மட்டுமல்ல. பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டுகிற அந்த இடத்தில்தான் அவர் இந்த நாட்டில் ஒரு மனிதராக நின்றார்.

புதுவருடம் பிறந்து சில நாட்கள் கழித்து ஒரு மாலை, தவமலர் ட்ராமை விட்டு இறங்கினாள். பனி இலேசாகத் தூவியிருந்தது. அவளோடு இறங்கியவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். தெருவில் அவள் மட்டும்தான். பியர்க்கடை வாசலில் மூன்று பேர் நின்றார்கள். தலையைக் குனிந்துகொண்டு தாண்டினாள்.

தாண்டிய பிறகுதான் கேட்டது. பின்னால் ஒரு காலடி. கனமான, ஒரே சீரான, கொஞ்சம் விறைப்பான காலடி. கடை வாசலில் நின்றவர்களில் ஒருவன் வருகிறானோ என்று நினைத்ததும் உடம்பு முழுவதும் குளிர்ந்தது. நடையை எட்டிப் போட்டாள். அதுவும் எட்டி வந்தது. கைப்பையில் சாவியைத் தேடுவதுபோல நின்றாள். அதுவும் நின்றது. கிட்டவும் வரவில்லை, விட்டுப் போகவும் இல்லை. தெமிர் திரையில் காட்டிய அந்தக் கோடு இப்போது உயிரோடு வந்து தன் பின்னால் நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. நெஞ்சு காதுக்குள் அடித்தது.

மணிக்கட்டில் பட்டி மெல்ல அதிர்ந்து, பெண்குரலில் கேட்டது: "உங்களுக்குப் பயமாக இருக்கிறதா? நாங்கள் உங்களோடு இருக்கிறோம்." தலைக்கு மேலேயும் பின்னாலேயும் விளக்குகள் ஒரே நேரத்தில் பளீரென்று எரிந்தன. தவமலர் கத்த வாயைத் திறந்துகொண்டே திரும்பினாள்.

வெளிச்சத்துக்கு நடுவில் குகதாசன் நின்றார். கண் கூசியது போலும். அசையாமல் நின்று, இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கிப் பிடித்திருந்தார். சோதனைச் சாவடியில் டோர்ச் அடித்தால் நிற்பதுபோல.

"நான்தான், மலர்."

அவள் கிட்டப் போய் அவருடைய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். நல்ல செய்தி ஒன்று இருந்தது, வீட்டில் இருந்து காத்திருக்கப் பொறுமை இல்லை, அதனால்தான் வந்தேன் என்றார். கிண்டர்கார்டன் தலைவி கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள். கட்டை வைத்த சப்பாத்தோடு அவர் இரண்டு முறை அங்கே வந்து போனபோது ஒரு பட்டியும் அதிரவில்லையாம். திங்கட்கிழமை கேற் திறக்க வரட்டுமாம்.

பக்கத்து வீட்டு மதில் தாழ்வாக இருந்தது. அதன்மேல் இருந்த பனியைத் தவமலர் கையால் தட்டிவிட்டு அவரை இருக்கச் சொன்னாள். குனிந்து இடது சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தாள்.

"என்ன செய்யிறீர்? ரோட்டில வைச்சு."

"கழட்டுங்கோ."

"திங்கட்கிழமை வேலையப்பா."

அவள் ரப்பர்க் கட்டையை உருவி எடுத்தாள். அது அவருடைய காலின் சூட்டோடு இருந்தது.

"இவ்வளவு நாளும் இந்தப் பட்டி பொய் சொன்னது," என்றாள். "இண்டைக்குப் பொய் இல்லை. இண்டைக்கு நான் உண்மையாவே உங்களுக்குப் பயந்திட்டன். உங்கட காலடி எனக்குத் தெரியேல்லை."

குகதாசன் கட்டையைப் பார்த்தார். கையை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார். அந்தக் கிண்டர்கார்டன் கேற்றும், அதில் தொங்கும் பிள்ளைகளும் அவர் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். சப்பாத்தைத் தானே போட்டுக்கொண்டு கயிற்றைக் கட்டினார்.

"நீர் முன்னுக்குப் போம்," என்றார். "நான் வாறன்."

தவமலர் கட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். வழக்கமான தூரம் போனதும் பின்னால் பனியில் அது கேட்டது: ஓர் அழுத்தல், ஓர் இழுவை. ஓர் அழுத்தல், ஓர் இழுவை. விளக்குகள் மறுபடியும் ஒவ்வொன்றாகப் பளீரிட்டன. எங்கேயோ ஒரு மாடியில் யாரோ யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார்கள். அவள் நெஞ்சோ, அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவையாக, தானாகவே அடங்கிக்கொண்டு வந்தது. இந்த ஒரு மாலையின் அமைதியை அந்த இயந்திரம் கணக்கில் எடுக்குமா, எடுத்தாலும் திங்கட்கிழமைக்குள் எதையாவது மறக்குமா என்று அவளுக்குத் தெரியாது.

மணிக்கட்டில் பட்டி அதிர்ந்தது. பின்னால் ஆபத்து வருகிறது, பாதை மாறிப் போகவும் என்றது. தவமலர் அது கிட்ட வரும்வரை நின்றாள்.